புது பேட்டரி, புது ஆர்.ஆர். யூனிட், ஆனாலும் சார்ஜ் ஏறவில்லை: ஒரு 350 சிசி வண்டியின் நிகழ்வு ஆய்வு

வண்டி 350 சிசி மோட்டார் சைக்கிள், ஒற்றை சிலிண்டர், பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) ரகம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உண்டு, கிக்கர் கிடையாது. செல்ஃப் எடுக்காவிட்டால் தள்ளித்தான் ஆக வேண்டும். வண்டிக்குச் சொந்தக்காரர் என் தங்கையின் கணவர். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். வாரம் முழுக்க ஊருக்குள்ளேயே நெரிசலில் ஓட்டம்.

அவர் சொன்ன புகார் இதுதான். திங்கட்கிழமை செல்ஃப் நன்றாக எடுக்கிறது. புதன்கிழமை இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. வெள்ளிக்கிழமை ரிலே ‘டிக் டிக்’ என்று தட்டுவதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை பழனிக்கோ தாராபுரத்துக்கோ போய்வந்துவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் நன்றாக எடுக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் முதலில் பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள். சில வாரங்களில் அதே கதை. அடுத்து, பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ஆர்.ஆர். யூனிட்டை (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) மாற்றியிருக்கிறார்கள். அதன் பிறகும் தீரவில்லை. மூன்றாவதாக, “காயில் போயிருக்கும், இன்ஜின் கவரைத் திறக்க வேண்டும்” என்று ஒரு மதிப்பீடு வந்திருக்கிறது. “மச்சான், மூன்றாவது தடவையும் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்” என்று வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. ஊருக்குள் ஓடினால் பேட்டரி இறங்குகிறது, நெடுஞ்சாலையில் ஓடினால் ஏறுகிறது என்றால் சார்ஜிங் முற்றிலும் சாகவில்லை, குறைப்பிரசவமாக நடக்கிறது என்று பொருள். முற்றிலும் நின்றிருந்தால் பழனிக்குப் போன வண்டி திரும்பி வந்திருக்காது. ஆகவே தேட வேண்டியது செத்துப்போன உதிரிபாகத்தை அல்ல, பாதி வேலை செய்கிற ஒன்றை. இதை ஒர்க்‌ஷாப்பில் யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பாகத்தை மாற்றுவதற்கு முன் வண்டிக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசினால் பல நேரங்களில் பணம் மிஞ்சும்.

சோதனைக்குள் போகும் முன் மின்சாரம் வரும் வழியைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினின் இடது பக்கக் கவருக்குள் கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுவது மேக்னெட். அதற்குள் அசையாமல் இருப்பது ஸ்டேட்டர். நம் ஊர் மெக்கானிக்குகள் காயில் என்பது இதைத்தான். அதிலிருந்து மூன்று வயர்கள் வெளியே வருகின்றன, பெரும்பாலான வண்டிகளில் மூன்றும் மஞ்சள். இவற்றில் வருவது ஏசி மின்சாரம். ஆர்.ஆர். யூனிட் அதை டிசியாக மாற்றி, அளவு மீறாமல் கட்டுப்படுத்தி, பேட்டரிக்கு அனுப்புகிறது. ஸ்டேட்டர், ஆர்.ஆர். யூனிட், பேட்டரி ஆகிய மூன்றும் பாகங்கள். இவற்றுக்கு இடையே இருக்கும் கப்ளர்களையும் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் கூடுகள்) வயர்களையும் யாரும் பாகமாகக் கணக்கில் எடுப்பதில்லை. விலைப்பட்டியலில் அவற்றுக்குத் தனி இடம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் பேட்டரி

கையில் இருந்தது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். இந்த வேலைக்கு அது தாராளம்.

வண்டி வந்தபோது பேட்டரி 12.1 வோல்ட் காட்டியது. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் இருக்கின்றன. முழு சார்ஜில் ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட்டுக்குச் சற்று மேலே என்று வைத்தால் மொத்தம் 12.6 முதல் 12.8 வரை வர வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ், 12 என்றால் கால்வாசி. எண்கள் நெருக்கமாக இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். “12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் இருக்கிறதே” என்பது பாதிக்கும் மேல் காலியான பேட்டரியைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை.

குறைந்த சார்ஜில் இருக்கும் பேட்டரியை வைத்துச் சார்ஜிங் அமைப்பைச் சோதிக்கக் கூடாது. வருகிற மின்சாரத்தை எல்லாம் அதுவே உறிஞ்சி மின்னழுத்தத்தை இழுத்துக் கீழே வைத்திருக்கும். நல்ல ஸ்டேட்டர்கூடக் கெட்டதுபோலத் தெரியும். அதனால் பேட்டரியைக் கழற்றி வெளிச் சார்ஜரில் இரவு முழுக்கப் போட்டேன். 9 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.9 ஆம்பியர், அதாவது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. அவசரப்பட்டு கார் சார்ஜரில் போட்டால் சீல் செய்த பேட்டரி சூடாகி உப்பிவிடும்.

சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் அளக்காமல் சில மணி நேரம் விட்டுவிட்டு அளந்தபோது 12.75. செல்ஃப் அடிக்கும்போது மிகக் குறைந்த அளவு 10.4. அந்த நேரத்தில் 9.5-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இது நல்ல பேட்டரி. இதற்கு முன் கழற்றி எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பேட்டரியும் நல்லதாகவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரவில் நிற்கும்போது எங்காவது கசிகிறதா என்பதையும் பார்த்தேன். சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் இடையே மீட்டரை ஆம்பியர் அளவில் இணைத்தால் 3 மில்லி ஆம்பியர். இந்தக் கணக்கில் 9 ஆம்பியர்-மணி பேட்டரி காலியாக 3,000 மணி நேரம், அதாவது நான்கு மாதம் பிடிக்கும். கசிவு இல்லை. இந்த நிலையில் மறந்தும் சாவியைப் போட்டு செல்ஃபை அழுத்தக் கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் அந்த நொடியே போய்விடும்.

ஓடும்போது என்ன நடக்கிறது

பேட்டரியை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளிலேயே டிசி வோல்ட்டை அளந்தேன். 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஓடும் நேரமெல்லாம் 55 வாட் பல்பு ஏறக்குறைய 4 ஆம்பியரை எடுத்துக்கொள்கிறது. 2020-இல் வந்த பிஎஸ்-6 விதிக்குப் பிறகு ஃப்யூயல் பம்ப், இன்ஜெக்டர், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) ஆகியவையும் சேர்ந்துகொண்டன. பழைய கார்புரேட்டர் வண்டி பேட்டரி படுத்தாலும் கிக்கரில் எழுந்துவிடும். இந்த வண்டிகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல் ஓடும்போது, 12.3. சுமார் 4000 ஆர்பிஎம்மில் 13.0. இந்த வண்டியில் இன்ஜின் சுற்று வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர் இல்லை, 4000 என்பது காதை வைத்துச் சொல்வது. அதனால் எல்லா அளவுகளையும் ஒரே சத்தத்தில் எடுத்தேன். நல்ல நிலையில் இருக்கும் வண்டி ஐடிலில் 13-ஐத் தாண்டி, வேகத்தில் 14-க்கும் 14.5-க்கும் இடையே நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் அது வேறு நோய்: ஆர்.ஆர். யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, உடனே ஓட்டுவதை நிறுத்த வேண்டும்.

வண்டியில் பேட்டரியிலிருந்து நேரே எடுத்த இரண்டு 20 வாட் எல்இடி விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. “இந்த விளக்குகளால்தான் எல்லாம்” என்று ஒருவர் சொல்லியிருந்தாராம். அவற்றின் ஃப்யூஸை எடுத்துவிட்டு மறுபடி அளந்தேன். ஐடிலில் 12.5, வேகத்தில் 13.2. கொஞ்சம் கூடியதே தவிர 14 வரவில்லை. விளக்குகள் சுமையைக் கூட்டின, நோயைக் கொடுக்கவில்லை.

அடுத்தது ஆர்.ஆர். யூனிட்டிலிருந்து பேட்டரி வரை வரும் வழி. இதை ஓம்ஸில் அளந்து பயனில்லை. பத்து இழைகளில் ஒன்பது அறுந்த வயரிலும் ஓம் மீட்டர் ‘தொடர்ச்சி உண்டு’ என்றுதான் சொல்லும். இன்ஜின் ஓடும்போது ஆர்.ஆர். யூனிட்டின் பாசிட்டிவ் வெளியீட்டில் ஒரு முனை, பேட்டரி பாசிட்டிவில் இன்னொரு முனை வைத்து டிசி வோல்ட்டில் பார்க்க வேண்டும். வழியில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பது நேராகத் தெரிந்துவிடும். 0.15 வந்தது. நெகட்டிவ் பக்கம் 0.08. இரண்டும் 0.2-க்குள் இருக்கின்றன, கவலையில்லை. துருப்பிடித்த எர்த் போல்ட் இருந்தால் இந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கும்.

காயில் நிரபராதி

ஆர்.ஆர். யூனிட்டுக்கு முன்னால் இருக்கும் மூன்று மஞ்சள் வயர்களின் கப்ளரைப் பிரித்தேன். அது சைடு பேனலுக்கு உள்ளே, ரப்பர் உறைக்குள், டேப் சுற்றி இருந்தது. ஸ்டேட்டர் பக்கத்து முனைகளை இரண்டிரண்டாக மாற்றி மின்தடையை அளந்தேன். மூன்று ஜோடிக்கும் 0.4 ஓம். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வயருக்கே 0.2 காட்டுகிறது, அதைக் கழித்தால் 0.2 ஓம். முக்கியமானது மூன்றும் ஒன்றாக இருப்பது. அடுத்து ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே: தொடர்பே இல்லை. தொடர்பு இருந்திருந்தால் காயிலின் வார்னிஷ் வெந்து எர்த் ஆகியிருக்கிறது என்று பொருள், அப்போது மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கப்ளர் பிரிந்த நிலையிலேயே இன்ஜினை ஓடவிட்டு ஏசி வோல்ட்டில் அளந்தேன். அதே 4000-த்தில் 56, 57, 56. இந்த நேரத்தில் மஞ்சள் வயர்களைக் கையால் தொடக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க வோல்ட் கூடிக்கொண்டே போகும். மூன்று சமமான எண்கள் வந்துவிட்டன. இன்ஜின் கவரைத் திறந்து, கேஸ்கெட் மாற்றி, ஆயில் ஊற்றி, புதுக் காயில் போட்டிருந்தால் அத்தனையும் வீண் செலவு.

ஆக, பேட்டரி நன்று, ஆர்.ஆர். யூனிட் புதிது, ஸ்டேட்டர் நன்று, வழி நன்று. ஆனால் 14 வோல்ட் மட்டும் வரவில்லை. மீட்டரை டயோட் நிலையில் வைத்து, ஏசியை டிசியாக்கும் டயோடுகளுக்காக ஆர்.ஆர். யூனிட்டையும் பார்த்தேன். மூன்று மஞ்சள் முனைகளிலிருந்தும் பாசிட்டிவுக்கு ஒரு திசையில் 0.5 வோல்ட் போல, மறு திசையில் ஒன்றுமில்லை. நெகட்டிவ் பக்கமும் அப்படியே. இந்தச் சோதனை டயோடுகள் உயிரோடு இருக்கின்றன என்று மட்டுமே சொல்லும், கட்டுப்பாட்டுச் சுற்று சரியா என்று சொல்லாது. ஆனாலும் யூனிட் புதிது, இப்போதைக்கு இது போதும் என்று வைத்துக்கொண்டேன்.

பிரித்தால் மறையும் கோளாறு

காயிலையும் ஆர்.ஆர். யூனிட்டையும் கப்ளரைப் பிரித்து வைத்தே அளந்தேன். பிரிக்கும்போது இரு பக்கமும் தனித்தனியே நல்லதாகிவிடுகின்றன. இரண்டும் சேரும் இடம் சோதனைக்குள் வரவே இல்லை. பெரும்பாலான கையேடுகளில் வரும் சோதனை முறை இதுதான். அதனாலேயே இந்தக் கோளாறு இத்தனை பேர் கையில் தப்பிக்கிறது.

கப்ளரை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஸ்டேட்டர் பக்கத்துக் கப்ளரில் மூன்று துளைகள். இரண்டு வெள்ளையாக இருந்தன, மூன்றாவதைச் சுற்றி பிளாஸ்டிக் காபித்தூள் நிறத்தில் பழுத்து லேசாக உப்பியிருந்தது. அந்தத் துளைக்குள் இருந்த பித்தளை டெர்மினல் மங்கிப்போய், ஊதா கலந்த கறுப்பில் இருந்தது. அதிலிருந்து வரும் மஞ்சள் வயரை வளைத்தால் இரண்டு அங்குலத்துக்கு விறைப்பாக நின்றது, உறையில் நுண்ணிய விரிசல்கள். எதிர்ப் பக்கம், சில மாதங்களுக்கு முன் மாட்டிய புத்தம் புதிய ஆர்.ஆர். யூனிட்டின் ஆண் டெர்மினலிலும் அதே ஓரத்தில் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. புதிய பாகம் பழைய கப்ளருக்குள் செருகப்பட்டு அதன் நோயை வாங்கிக்கொண்டிருந்தது.

கண்ணால் பார்த்ததை எண்ணால் உறுதிசெய்ய வேண்டும். கப்ளரை மறுபடி இணைத்தேன். பின்பக்கமிருந்து ஒரே வயரின் இரு புறமும் மெல்லிய குண்டூசியைச் செருகி, இன்ஜின் ஓடும்போது அந்த இரண்டுக்கும் நடுவே ஏசி வோல்ட்டை அளந்தேன். நல்ல இணைப்பில் ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். முதல் வயர் 0.05. இரண்டாவது 0.06. மூன்றாவது 3 வோல்ட்டுக்கு மேல், நிலையில்லாமல் ஆடியது. கப்ளரை விரலால் லேசாக அழுத்தினால் ஒன்றுக்குக் கீழே இறங்கியது, விட்டால் மறுபடி ஏறியது. மலிவான மீட்டர் இந்த அலைவடிவத்தைத் துல்லியமாகப் படிக்காது என்றாலும் மூன்று வயர்களை ஒப்பிட அது போதும்.

அந்த மூன்று வோல்ட் எங்கே போனது? வெப்பமாகப் போனது. 10 ஆம்பியர் மின்சாரம் 0.3 ஓம் தடையைக் கடந்தால் 3 வோல்ட் குறையும், அங்கே 30 வாட் சூடு பிறக்கும். வீட்டில் ரேடியோ பழுதுபார்க்க வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிக வாட் உள்ள ஒன்றைச் சைடு பேனலுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடி வைத்தது போன்றது. சூட்டில் டெர்மினலின் இறுக்கம் தளர்கிறது, தளர்ந்தால் தடை கூடுகிறது, தடை கூடினால் மேலும் சூடு. இப்படியே ஒரு ஃபேஸ், அதாவது மூன்று மஞ்சள் வயர்களில் ஒன்றின் வரத்து, மெல்ல மெல்ல விலகிவிடுகிறது. மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மற்ற இரண்டும் ஒரே ஜோடியாக மட்டுமே வேலை செய்யும். உற்பத்தி பாதியளவுக்கு இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் அந்தப் பாதி போதும், திருப்பூர் சிக்னல்களில் போதாது.

ஹெட்லைட் பல்பைக் குறைந்த வாட்டுக்கு மாற்றினால் கப்ளரின் சூடு குறையுமா என்று மாப்பிள்ளை கேட்டார். நல்ல கேள்வி. இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் வருவது ஷண்ட் ரக ஆர்.ஆர். யூனிட். மின்சாரம் மிஞ்சினால் அது ஸ்டேட்டரின் வயர்களையே தற்காலிகமாக ஒன்றோடொன்று இணைத்து, மிஞ்சியதைத் திருப்பிவிடுகிறது. ஆகவே விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் மஞ்சள் வயர்களில் ஓடும் மின்சாரம் பெரிதாக மாறாது. சுமையைக் குறைப்பதால் பேட்டரி பிழைக்கும், கப்ளர் பிழைக்காது.

சரிசெய்தது

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை இன்றைய வண்டிகளில் கைவிட்டே ஆக வேண்டும். எழும் மின்னழுத்தம் இசியூவைக் கொன்றுவிடும்.

கப்ளரின் இரு பக்கத்தையும் வெட்டி எறிந்தேன். மூன்றாவது மஞ்சள் வயரை உறை நீக்கிப் பார்த்தால் செம்பு கறுத்திருந்தது. கறுத்த செம்பில் டெர்மினலும் சரியாகப் பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும் வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டே போனேன். குறைந்த நீளத்துக்கு அதே தடிமனில், வெப்பம் தாங்கும் உறையுள்ள வயரைச் சேர்த்தேன்.

புதுக் கப்ளர் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடையில் கிடைத்த மூன்று முனை, 6.3 மில்லிமீட்டர் டெர்மினல் ரகம். டெர்மினலைக் கட்டிங் பிளையரால் நசுக்காமல், வயரோடு சேர்த்து அழுத்திக் கவ்வவைக்கும் கிரிம்பிங் டூலால் பிடிக்க வேண்டும். ஒரு இறக்கை செம்பையும் இன்னொரு இறக்கை உறையையும் கவ்வ வேண்டும். பிடித்தபின் ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பார்த்தேன். கப்ளரே வேண்டாம், மூன்று வயரையும் முறுக்கி ஈயம் வைத்துவிடலாம் என்பவர்கள் உண்டு. ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வில் ஈயம் ஊறி விறைத்த வயர், ஈயம் முடியும் இடத்தில் முறிகிறது. தவிர, அடுத்த முறை காயிலைச் சோதிக்கப் பிரிக்கவும் முடியாது. என் ஓட்டு எப்போதும் நல்ல கிரிம்புக்குத்தான்.

டெர்மினல்களில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெலிதாகத் தடவினேன். மழைநீர் உள்ளே வராமல் தடுப்பதே அதன் வேலை. புது ஆர்.ஆர். யூனிட்டின் பழுத்த டெர்மினல் வெட்டிய பழைய கப்ளரோடு போய்விட்டது. கப்ளர் தன் எடையைத் தானே தாங்கித் தொங்காதபடி ஃபிரேமோடு டை போட்டுக் கட்டினேன். சைலன்ஸர் சூடு படாத பக்கமாகத் திருப்பிவிட்டேன்.

பிறகு அளந்தவை: ஐடிலில் 13.6. அதே சத்தத்தில், அதாவது சுமார் 4000-த்தில் 14.3. இரண்டு எல்இடி விளக்கையும் போட்டால் 14.1. குண்டூசிச் சோதனையில் மூன்று வயரிலும் 0.05-ஐ ஒட்டியே. அரை மணி நேரம் ஊருக்குள் ஓட்டிவிட்டு வந்து கப்ளரைத் தொட்டபோது வெதுவெதுப்புகூட இல்லை. ஆர்.ஆர். யூனிட்டின் உலோகப் பட்டைகள் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டன. அது அப்படித்தான் சுடும். காற்று படும் இடத்தில் அதை வைத்திருப்பதும் அதற்காகத்தான்.

செலவு, கப்ளரும் டெர்மினலும் வயரும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. மாப்பிள்ளையிடம் ஒரு மீட்டரைக் கொடுத்து, வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுப்பதற்கு முன் பேட்டரியை அளந்து அனுப்பச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வெளியூர் போகாத ஒரு வாரத்தின் வெள்ளிக்கிழமை அவர் அனுப்பிய எண் 12.7. அடுத்த சர்வீஸில் சைடு பேனலைக் கழற்றும்போது அந்தக் கப்ளரின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.